இருதயப் படமும் கிட்னியும்: 'டை' ஏற்றுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை



இருதய நோயைப் பற்றிப் பேச நாங்கள் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், லயத்து வாசலிலோ பிள்ளை மடுவத்திலோ ஒரு கேள்வி கட்டாயம் வருகிறது. "கண்டிக்குப் போயி அஞ்சியோகிராம் எடுக்கச் சொல்றாங்க. அதுல ஏத்துற டை கிட்னியக் கெடுத்துருமாமே, நெசமாங்க?"

சிலருக்குக் கெடுக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்வதில்லை. யாருக்குக் கெடுக்கலாம் என்பதை முன்கூட்டியே ஓரளவு கண்டுபிடிக்க முடியும், தடுக்கவும் வழியிருக்கிறது. அந்த வழியில் பாதி டொக்டரின் கையில், மீதிப் பாதி நம் வீட்டுக்குள். அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம். யாரோ சொன்னதைக் கேட்டுப் பயந்து, கிளினிக் கொப்பியைத் தகரப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு வீட்டில் இருப்பவர்களும் நம்மிடையே உண்டு. அடைபட்டுக்கொண்டு வரும் இருதயக் குழாய் அவர்களுக்காகக் காத்திருக்காது.

இந்த டை என்பது என்ன?

டை, சாயம் என்றதும் நமக்குத் தேயிலைச் சாயம்தான் ஞாபகத்துக்கு வரும். இது அப்படி நிறம் உள்ள பொருள் இல்லை. தண்ணீரைப் போலத் தெளிவாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கும் ஒரு மருந்து. இதில் அயடீன் இருக்கிறது. எக்ஸ்ரே கதிர் எலும்பைத் தாண்டிப் போக முடியாததால் எலும்பு படத்தில் தெரிகிறது. இரத்தக் குழாயும் இரத்தமும் அப்படித் தெரியாது. அயடீன் கலந்த மருந்தை இருதயக் குழாய்க்குள் விட்டால், அது ஓடும் வழி முழுவதும் படத்தில் தெரியும். எங்கே சுருங்கியிருக்கிறது, எங்கே அடைத்திருக்கிறது என்று டொக்டர் அப்போதே பார்த்துவிடுவார்.

மணிக்கட்டில் அல்லது தொடை இடுக்கில் உள்ள குழாய் வழியாக மெல்லிய வயர் போன்ற ஒரு குழாயை இருதயம் வரை கொண்டுபோய்த்தான் இதைச் செய்கிறார்கள். இருதயக் குழாய்க்குள் நேராக டை போனால் இருதயம் நின்றுவிடும் என்று டொக்டர்மாரே ஒரு காலத்தில் பயந்திருந்தார்கள். 1958ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரில் மேசன் சோன்ஸ் என்ற டொக்டரின் கையில், நினையாத விதமாக ஒரு நோயாளியின் இருதயக் குழாய்க்குள் டை போய்விட்டது. ஆள் பிழைத்துக்கொண்டார். அங்கிருந்துதான் இந்தப் பரிசோதனையே பிறந்தது.

படம் மட்டும் எடுப்பதற்குப் பெரும்பாலும் 30 முதல் 60 மில்லி லீற்றர் வரை டை போதும். அதாவது ஒரு சின்னத் தேத்தண்ணிக் கோப்பையில் பாதி. அடைப்பை எடுத்து 'ஸ்டென்ட்' என்னும் சிறு வலைக்குழாய் வைப்பதென்றால் 100, 200 மில்லி லீற்றர், சில வேளை அதற்கு மேலும் போகும். சி.டி. இயந்திரத்தில் இருதயக் குழாயைப் பார்க்கும்போதும் இதே வகை டையைக் கை நரம்பில் ஏற்றுகிறார்கள். ஈ.சி.ஜி., 'எக்கோ' ஸ்கேன், ஓடவிட்டுப் பார்க்கும் பரிசோதனை ஆகியவற்றில் சாதாரணமாக டை கிடையாது. அவற்றுக்குக் கிட்னியை நினைத்துப் பயப்பட வேண்டியதே இல்லை.

கிட்னிக்குள் நடப்பது

உள்ளே போன டை எப்படியும் வெளியே வர வேண்டும். அது வரும் வழி சிறுநீரகம். கிட்னி நன்றாக உள்ளவருக்கு ஒரு நாளைக்குள் ஏறக்குறைய முழுவதும் சிறுநீரோடு போய்விடும்.

தொழிற்சாலையில் தேயிலையைச் சலிக்கும் சல்லடையைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு கிட்னியிலும் அப்படி ஏறக்குறைய பத்து லட்சம் நுண்ணிய சல்லடைகள் உண்டு. இரண்டு கிட்னியும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லீற்றர் நீரைச் சலிக்கின்றன. அவ்வளவும் வெளியே போனால் மனுசன் செத்துவிடுவான். அதனால் சலித்த நீரை கிட்னி திரும்பவும் உறிஞ்சி எடுத்துக்கொண்டு, ஒன்றரை லீற்றர் போல மட்டும் சிறுநீராக விடுகிறது. கவனிக்க வேண்டிய இடம் இதுதான். தண்ணீர் உறிஞ்சப்படுகிறது, டை உறிஞ்சப்படுவதில்லை. ஆகவே கிட்னியின் சின்னக் குழாய்களுக்குள் டை வரவரக் கெட்டியாகிறது. உடம்பில் தண்ணீர் எவ்வளவு குறைவோ, அவ்வளவு கெட்டி. அதோடு கிட்னியின் உள்பகுதிக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களையும் டை கொஞ்ச நேரம் சுருங்க வைக்கிறது. அந்தப் பகுதிக்குச் சாதாரண நாளிலேயே பிராணவாயு மட்டுமட்டாகத்தான் கிடைக்கும். நல்ல கிட்னி இதைத் தாங்கிவிடும். ஏற்கெனவே நொந்துபோன கிட்னி தடுமாறும்.

பழைய காலத்து டை இன்னும் மோசம். அது இரத்தத்தை விட ஐந்து, ஆறு மடங்கு 'உறைப்பான' திரவம். உப்புப் போட்ட மாங்காயிலிருந்து தண்ணீர் ஊறி வருகிறதே, அதுபோல உடம்பின் உயிரணுக்களிலிருந்து நீரை இழுத்தெடுக்கும். ஏற்றும்போது நெருப்பாய் எரியும். சுவீடன் நாட்டு எக்ஸ்ரே டொக்டர் டோர்ஸ்டன் அல்மேன் 1960களில் இதைப் பற்றி யோசித்தார். உப்புக் கூடிய கடலில் கண்ணைத் திறந்தால் எரிகிறது, உப்புக் குறைந்த கடலில் எரிவதில்லை என்று நீந்தப் போனபோது கண்டது அவருக்கு வழிகாட்டியது. உறைப்புக் குறைந்த டை அப்படித்தான் உருவானது. இன்று இருதயப் படத்துக்குப் பாவிப்பது இந்தப் புது வகைதான். பழைய வகையால் கிட்னி கெட்ட கதைகளைக் கேட்டு இன்றும் பயப்படுவது, பழைய பாலம் உடைந்ததென்று புதுப் பாலத்தில் கால்வைக்க மறுப்பது போன்றது.

எவ்வளவு பயப்படலாம்?

கணக்கோடு சொல்கிறோம். 2018ஆம் ஆண்டில் வெளியான ஒரு பெரிய ஆய்வில் அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா ஆகிய நாடுகளைச் சேர்ந்த ஏறக்குறைய 5,000 பேர் இருந்தார்கள். எல்லாரும் கிட்னி முன்பே பலவீனமானவர்கள், பலருக்குச் சீனி வருத்தமும் இருந்தது. அப்படிப்பட்டவர்களிலேயே டை ஏற்றிய பின் கிட்னியின் வேலை சில நாளுக்குக் குறைந்தது நூற்றுக்கு ஒன்பது பேருக்குத்தான். மூன்று மாதத்துக்குள் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரம், அதாவது டயலிசிஸ், தேவைப்பட்டது ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு. கிட்னி நன்றாக உள்ளவருக்கு ஆபத்து இதைவிட எவ்வளவோ குறைவு. இதே ஆய்வில், முன்பு கிட்னியைக் காக்கக் கொடுத்துவந்த 'அசிட்டைல்சிஸ்டீன்' என்ற மருந்தால் தனிப் பலன் இல்லை என்றும் தெரிந்தது. சாதாரண சேலைன் தண்ணீரே போதுமாக இருந்தது.

டை ஏற்றிய பின் கிட்னி கெட்டால் எல்லாப் பழியும் டை மேல்தான் என்றும் இல்லை. மாரடைப்பில் இரத்த அழுத்தம் விழுந்தாலே கிட்னிக்கு இரத்தம் போகாது. வயரை மேலே கொண்டுபோகும்போது பெரிய குழாயின் சுவரில் படிந்த கொழுப்புத் துகள்கள் உதிர்ந்து கிட்னியில் போய் அடைப்பதும் உண்டு.

இதனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நெஞ்சைப் பிசைகிற வலி, இடது கைக்கும் தாடைக்கும் ஏறுகிற வலி, குளிர்ந்த வியர்வை என்று வந்தால் அது கிட்னியைப் பற்றி யோசிக்கும் நேரம் இல்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அங்கே டொக்டர்மார் இரத்த முடிவுக்குக் காத்திருக்காமலே அஞ்சியோகிராம் செய்ய முடிவெடுக்கலாம். அதுதான் சரி.

நாம் இங்கே பேசுவது திகதி கொடுத்து, அமைதியாக வரச்சொல்லும் பரிசோதனையைப் பற்றி. அதற்குத் தயாராக நாட்கள் இருக்கின்றன.

கொப்பியில் உள்ள இலக்கம்

படத்துக்கு முன் 'கிரியேட்டினின்' என்று ஓர் இரத்தப் பரிசோதனை செய்வார்கள். இது நம் தசைகளில் உண்டாகும் ஒரு கழிவு. கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் இரத்தத்தில் கூடும். சில இடத்தில் 1.2 என்று எழுதுவார்கள், சில இடத்தில் 106 என்று எழுதுவார்கள். பயப்பட வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். ஒன்று மில்லிகிராம் கணக்கு, மற்றது மைக்ரோமோல் கணக்கு. சிறிய இலக்கத்தை 88ஆல் பெருக்கினால் பெரிய இலக்கம் வரும்.

இந்த இலக்கத்தில் நம் ஆட்களுக்கு ஒரு மறைபொருள் இருக்கிறது. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது என்று சொன்னோமல்லவா? தசை குறைந்த, மெலிந்த, வயதான பெண்ணுக்கு அது இயல்பாகவே குறைவாக இருக்கும். அதனால் 1.2 என்ற இலக்கம் 25 வயது ஆணிடம் இருந்தால் கிட்னியின் வேலை 86 அளவில் இருக்கும். அதே 1.2 என்பது 65 வயதுப் பெண்ணிடம் இருந்தால் 50 அளவுதான். இந்த அளவை 'ஈ.ஜி.எப்.ஆர்.' என்று சொல்வார்கள். 60க்கு மேல் இருந்தால் பெரிய கவலை இல்லை. 30க்குக் கீழே போனால் டை விடயத்தில் கட்டாயம் கவனம் வேண்டும். ஆகவே "ரிப்போட் நோமல்னு சொன்னாங்க" என்று திரும்பி வராமல், "டொக்டர், இவங்க வயசுக்கு ஈ.ஜி.எப்.ஆர். எவ்வளவுங்க?" என்று மகனோ மகளோ கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

கிட்னி பலவீனமானவர்கள், அதிலும் சீனி வருத்தமும் சேர்ந்தவர்கள், இருதயம் பலங்குறைந்து கால் வீங்குபவர்கள், சில நாட்களுக்குள் இரண்டாம் முறை டை ஏற்றுபவர்கள், வாந்தி வயிற்றோட்டத்தால் உடம்பு வற்றியவர்கள், இவர்களெல்லாம் முன்பே சொல்லிவிட வேண்டும். சொன்னால் டொக்டர் டையின் அளவைக் குறைப்பார், முன்னும் பின்னும் சேலைன் ஏற்றுவார். இன்று படம் மட்டும் எடுத்துவிட்டு ஸ்டென்ட்டை இன்னொரு நாளைக்குத் தள்ளியும் வைக்கலாம். "ஏன் ரெண்டு தரம் அலைய விடுறாங்க?" என்று கோபிக்க வேண்டாம். அது கிட்னிக்குக் கொடுக்கும் ஓய்வு.

நோவுக் குளிசை

எங்களுக்கு டையை விட இதன் மேல்தான் பயம் அதிகம். கூடையைத் தலையில் கட்டி மேடு பள்ளம் ஏறி இறங்கும் நம் பெண்களுக்கு முதுகு நோவும் முழங்கால் நோவும் கூடப் பிறந்தது போல. டவுன் பார்மசியில் சீட்டில்லாமலே டைக்ளோபெனாக், புரூபன், பொன்ஸ்டான் என்று வாங்கி, காலையில் ஒன்று போட்டுக்கொண்டு மலைக்குப் போவதைப் பார்க்கிறோம். இந்த வகைக் குளிசைகள் கிட்னிக்கு இரத்தம் போகும் குழாயைச் சுருக்குகின்றன. அதன்மேல் டையும் சேர்ந்து சுருக்கினால் இரட்டை அடி. அதுவும் தண்ணீர் குடிக்காத உடம்பென்றால் மூன்றடி.

படம் எடுப்பதற்குச் சில நாள் முன்னதாகவே இவற்றை நிறுத்திவிட வேண்டும். கிட்னி பலவீனமானவர்கள் எப்போதுமே தொடக்கூடாது. நோவுக்குப் பனடோல் போடலாம், அளவோடு. கிளினிக்கில் "என்ன மருந்து குடிக்கிறீங்க?" என்று கேட்கும்போது கிளினிக் மருந்தை மட்டும் சொல்லிவிட்டுக் கடைக் குளிசையை மறைக்காதீர்கள். அவர்கள் ஏசினால் ஏசட்டும். வெற்று உறைகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுவதே நல்லது. பாஷை புரியாத இடத்தில் அந்த உறை நமக்காகப் பேசும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இருதயத்துக்கென்று தந்த சின்ன அஸ்பிரின் 75 மில்லிகிராம், குளோப்பிடோகிரல் ஆகியவை இந்தக் கூட்டத்தில் சேராது. அவற்றை நாமாக நிறுத்தினால் இருதயக் குழாயில், புதிதாக வைத்த ஸ்டென்ட்டில் கூட, இரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்தாகும். பிரஷர் குளிசை, 'தண்ணிக் குளிசை' ஆகியவற்றையும் டொக்டர் சொன்னால் மட்டுமே நிறுத்த வேண்டும்.

சீனிக்கு நல்லது என்று காமரங்காய்ச் சாறும் பிலிங்காய்ச் சாறும் வெறும் வயிற்றில் குடிக்கும் பழக்கம் சில இடத்தில் பரவுகிறது. அதில் உள்ள ஒட்சலேற்று என்ற பொருள் தனியாகவே கிட்னியை அடைத்துக் கெடுத்துவிடும். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தண்ணீர்

கொழுந்தெடுக்கும் பெண்கள் பகலில் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று எங்களுக்குத் தெரியும். மலையில் ஒதுங்க இடமில்லை. குடித்தால் போக வேண்டும், போனால் அட்டை, ஆள் நடமாட்டம், கொழுந்து நிறுவையும் குறையும். ஆகவே காலையில் ஒரு கோப்பை தேத்தண்ணி, பிறகு மத்தியானம்தான். இது பெண்களின் குற்றம் இல்லை. மலையில் மலசலகூடம் வைப்பது நிர்வாகம் செய்ய வேண்டிய வேலை. ஆனால் பல வருடமாக வற்றிய உடம்போடு போய் டை ஏற்றும்போது, அடி விழுவது அந்தப் பெண்ணின் கிட்னியில்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளும் இதே கதைதான். விடியற்காலை பஸ்ஸில் நாலு மணி நேரம், வழியில் கக்கூஸ் இல்லை என்று முதல் நாள் இரவே தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். வார்டில் "சாப்பிட வேண்டாம்" என்றால் தண்ணீரும் கூடாது என்று நினைத்து, படம் பின்நேரம் வரை தள்ளிப்போனாலும் நாக்கு வறள உட்கார்ந்திருக்கிறார்கள். சாப்பாட்டை நிறுத்தச் சொன்ன பிறகும் வெறும் தண்ணீரை இரண்டு மணி நேரத்துக்கு முன்வரை அனுமதிக்கும் இடங்கள் பல உண்டு. "தண்ணி எத்தனை மணி வரைக்கும் குடிக்கலாம், மிஸ்?" என்று நர்ஸிடம் கேட்டுவிடுங்கள். முதல் இரண்டு நாட்களும் மலைக்குப் போகாமல், வீட்டில் இருந்து நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் மிகவும் நல்லது.

இருதயம் பலங்குறைந்து, தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் கூடக் குடித்தால் நுரையீரலில் நீர் கட்டும். எவ்வளவு என்று டொக்டரையே கேட்க வேண்டும்.

மெட்போமின்

சீனிக்குக் கொடுக்கும் மெட்போமினைச் சிலருக்கு நிறுத்தச் சொல்வார்கள். அது கிட்னியைக் கெடுப்பதால் இல்லை. ஒருவேளை டையால் கிட்னி மந்தமானால் மெட்போமின் வெளியேறாமல் இரத்தத்தில் தேங்கி, உடம்பில் அமிலம் கூடிவிடும். அதனால் கிட்னி பலவீனமானவர்களுக்கு 48 மணி நேரம் நிறுத்தி, இரத்தம் பார்த்த பிறகு திரும்பத் தொடங்குவார்கள். இதில் நடக்கும் பிசகு, நிறுத்தியதைத் திரும்பத் தொடங்காமலே விடுவது. "டொக்டர்தான் நிப்பாட்டச் சொன்னாரு" என்று மூன்று மாதம் கழித்துச் சீனி 300க்கு மேல் ஏறி வருகிறார்கள். நிறுத்தச் சொல்லும்போதே, எந்தத் திகதியில் தொடங்குவது என்று கொப்பியில் எழுதி வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

டையால் வரும் கிட்னிக் கோளாறு பெரும்பாலும் சத்தம் போடாது. கிரியேட்டினின் முதல் இரண்டு நாளில் ஏறத் தொடங்கும், மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போகும், பலருக்கு இரண்டு வாரத்துக்குள் தானாகவே இறங்கிவிடும். ஆனால் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புவதோ மறுநாளே. அதாவது கிட்னியின் நிலைமை தெரிய வரும் நேரத்தில் நாம் ஆஸ்பத்திரியில் இல்லை, லயத்தில் இருக்கிறோம். ஆகவேதான் ஆபத்து உள்ளவர்களை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மறுபடி இரத்தம் பார்க்கச் சொல்கிறார்கள்.

அந்த இரண்டாவது பரிசோதனையைத்தான் நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். காரணமும் தெரிந்ததே. இன்னொரு நாள் பேர் போய்விடும், கண்டிக்கு இன்னொரு பஸ் காசு. இதற்கு ஒரு வழி உண்டு. டிக்கட் வெட்டும்போதே, இந்தப் பரிசோதனையைப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் செய்ய ஒரு கடிதம் கேளுங்கள். தோட்ட வைத்திய உதவியாளரிடமும் அந்தக் கடிதத்தைக் காட்டி, எந்த நாளில் போகலாம் என்று விசாரியுங்கள்.

இடையில் சிறுநீர் நாளுக்கு அரை லீற்றரை விடக் குறைந்தால், காலும் முகமும் வீங்கினால், படுத்தால் மூச்சு முட்டினால், ஓயாமல் வாந்தி வந்தால் திகதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். சிறுநீரை அளக்கப் பெரிய ஆயத்தம் தேவையில்லை. வாய் வெட்டிய ஒரு பழைய போத்தல் போதும். கக்கூஸுக்குப் பக்கத்தில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

டை ஏற்றிய நாள், எந்த ஆஸ்பத்திரி, முன்னும் பின்னும் கிரியேட்டினின் எவ்வளவு, இந்த நான்கையும் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களை எழுதச் சொல்லலாம். அடுத்த முறை வேறு ஆஸ்பத்திரியில் வேறு டொக்டர் இன்னொரு படம் எடுக்கச் சொல்லும்போது, அவர் முதலில் தேடுவது அந்தப் பக்கத்தைத்தான்.